அறுநூற்றுப் பதினான்கு மந்திரங்கள்

பிரதேச சபை மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் மடிகணினியைத் திறந்த அந்த நிமிடம்வரை, என்னைவிடக் கெட்டிக்காரி இந்தக் கல்முனைக் கரையிலேயே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தமிழ்ப் பேச்சைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் மென்பொருள் ஒன்று செய்திருக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகக் கேட்கும் என்று கட்டுரை எழுதி வெளிநாட்டு மாநாட்டுக்கும் அனுப்பியாயிற்று. போதாக்குறைக்கு ஞாயிறு பத்திரிகையில் நான் எழுதும் பத்தியிலும் பீற்றிக்கொண்டேன்.

விஷயம் வடிகான்தான். எங்கள் ஒழுங்கைகளின் வடிகான் தூர்ந்துபோய் நாலு வருடம். மாரி பிறந்தால் வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிடும். போன மாரியில் உம்மாவின் கட்டிலைக் கல் வைத்து உயர்த்தி, இரண்டு கிழமை அவரைக் கீழே இறக்காமல் வைத்திருந்தோம். இந்த வருடம் சபைக்கு ஒரேயொரு வேலைக்குத்தான் நிதி. சபையை நடத்தும் தவிசாளர் ஜெஸீமுக்கோ ஊர் வாசலில் வளைவு கட்ட ஆசை. பத்தியில் நாலு தடவை ஏசி எழுதினேன்.

"டொக்டர், எழுதுறது நீங்க ஒராள். சனம் கேக்குதெண்டு காட்டுங்க பாப்பம்," என்றார்.

விடுவேனா? என் மென்பொருளை விட்டு ஊர் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுக்க வைத்தேன். பெயர் கேட்காது. குரலைச் சபையில் போடுவோம், விருப்பமில்லாவிட்டால் வையுங்கள் என்று முதலிலேயே சொல்லும். பிறகு ஒரே கேள்வி: வளைவை விட்டுவிட்டு வடிகான் கட்ட வேண்டுமா? பதிலைக் கேட்டு அதுவே வகை பிரித்து எண்ணிக்கொள்ளும். முடிவைச் சபையில்தான் முதன்முதலாகத் திறப்பேன் என்று சவாலும் விட்டிருந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

திரையில் விழுந்தது இதுதான்:

ஆம் – 3. இல்லை – 11. மந்திரம் – 614.

முதலில் வெடித்தவர் தமிழ்ப் பகுதி உறுப்பினர் பாக்கியராசா.

"அடடா, சொல்லவேயில்லையே! கும்பாபிஷேகம் எப்ப, தவிசாளர்?"

ஜெஸீம் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "வடிகான் வேணுமெண்டது மூணு பேரா, டொக்டர்?"

அந்த மூன்றும் பரீட்சித்துப் பார்க்க நானே எடுத்து, நானே 'ஆம்' சொன்ன அழைப்புகள். அதை நான் சொல்லவில்லை. என் காது இரண்டும் கொதித்தன. யா அல்லாஹ், பூமி பிளக்காதா என்றிருந்தது.

"ஒங்கட மெசின் சரியாத்தான் வேல செய்யுதா?"

"ஓம்!" என்று சீறினேன்.

ஒலிவாங்கி திறந்தபடியே இருந்திருக்கிறது. திரை மாறியது: மந்திரம் – 615.

பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டேன். என் மென்பொருள் படித்ததெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்துக் குரல்கள். அங்கே 'ஓம்' பூசையில்தான் வரும்; இங்கேயோ 'ஆம்' என்பதற்கே ஓம்தான். எங்கள் ஊரே 'ஓம், ஓம்' என்று கத்தியிருக்கிறது, என் அருமைப் படைப்பு எல்லாரையும் சாமி கும்பிட வைத்துவிட்டது! அதைவிடு, எனக்கு எங்கே போயிற்று புத்தி? உம்மாவுக்கு ஒருநாளாவது 'ஆம்' என்று பதில் சொல்லியிருக்கிறேனா? சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஒலிவாங்கியைக் கண்டால் மட்டும் என் வாய் பாடப்புத்தகமாகிவிடுகிறது.

ஒலிவாங்கியை மூடிவிட்டு, அந்த மந்திரங்களைச் சத்தமாகப் போட்டேன்.

"ஓம்."

"ஓமோம்."

"ஓம் மகள், கெதியாச் செய்யச் சொல்லுங்க."

"இதென்ன கேள்வி? ஓம்!"

பாக்கியராசா மேசையில் தட்டினார். "எங்கட வீட்டிலயும் இதே மந்திரம்தான் பிள்ளை!"

அடுத்து ஒரு பெண் குரல், கூரையைத் தூக்குகிற மாதிரி வந்தது. "ஓம்! ஓமெண்டா ஓம்! போன மாரியில என்ட அடுப்புக்குள்ள தவள கிடந்த. வளைவக் கட்டி அதுக்குக் கீழ தோணி உடவா போறாங்க? இந்த மனிசனுக்கு எத்தின தரம் சொல்ற!"

எனக்கு அந்தக் குரலைத் தெரியாது. மண்டபத்துக்குத் தெரிந்திருந்தது. எல்லாத் தலையும் தவிசாளர் பக்கம் திரும்பியது.

"சுபைறா மதினியா, காக்கா?" என்று பின்வரிசையில் யாரோ பவ்வியமாகக் கேட்டார்கள்.

சொந்த மனைவியின் குரல்! ஜெஸீமின் லேஞ்சி இப்போது வியர்வையைத் துடைத்தது.

வாக்கெடுப்பு. வடிகானுக்கு எட்டுக் கை. வளைவுக்கும் எட்டுக் கை. எட்டுக்கு எட்டு என்றால் தவிசாளரின் வாக்குத்தான் தீர்ப்பு. நான் மெதுவாக ஒலிவாங்கியைத் திரும்பவும் திறந்துவிட்டேன். குறும்புதான், மறைக்கவில்லை.

"அப்ப வடிகான்தானே, தவிசாளர்?" என்றார் பாக்கியராசா.

ஜெஸீம் கூரையைப் பார்த்தார். கைத்தொலைபேசியைப் பார்த்தார். இன்று பகல் சோற்றுக்கு வீட்டுக்குத்தானே போக வேண்டும்?

"ஓம்," என்றார்.

மந்திரம் – 616.

மண்டபமே எழும்பிக் கத்தியது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வடிய வடியச் சிரித்தேன். மாநாட்டிலிருந்து கட்டுரையைத் திருப்பி எடுக்க வேண்டும், அடுத்த ஞாயிறு என்னை நானே ஏசி எழுத வேண்டும். எழுதினால் போயிற்று! அந்த இரைச்சலுக்குள்ளேயே உம்மாவுக்கு அழைப்பெடுத்தேன்.

"உம்மா, வடிகான் கட்டப் போறாங்க!"

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"அப்ப இந்த மாரிக்கு நான் கட்டிலால எறங்கி நடக்கலாமா, புள்ள?"

"ஓம் உம்மா," என்றேன்.

திரை 617 என்று காட்டியது.