இந்த ஜோடி ஒத்துவரல

1

இந்தக் கதை எனக்குப் பாதிதான் கேட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செருப்பு வார் அறுந்துபோய் ஒரு காலணிக் கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே கடைக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண்குரல் சொன்னது:

"இந்த ஜோடி எனக்கு ஒத்துவரலைங்க. நாலு சுத்து ஆடினாலே உயிர் போகுது. வேற மாத்திக் குடுங்க."

செருப்பைத்தான் சொன்னாள், சரி. ஆனால் அவள் தன் வீட்டில் நின்றுதானே பேசியிருப்பாள்? அந்த வீட்டில் இன்னொரு காது இருந்திருந்தால்?

எனக்குக் கதை குரலாகத்தான் வரும். முகம், மூக்கெல்லாம் பிறகு வந்தால் உண்டு.

2

முதல் தொடக்கம்: மாலைச் சூரியனின் பொற்கதிர்கள் நடனக் கூடத்தின் பளிங்குத் தரையில்

(வேண்டாம். அது தபால் நிலையத்தின் மேல்மாடி. மரத் தரை. கதிர் நுழைய ஜன்னலே கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: அவர் பணி ஓய்வு பெற்ற, அறுபத்து மூன்று வயதான

(இது பென்ஷன் படிவம்.)

மூன்றாவது:

"எண்ணுங்க. ஒண்ணு ரெண்டு மூணு. ஒண்ணு ரெண்டு மூணு."

"எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"வாய்க்குள்ள எண்ணுங்க. கூடத்துக்கே கேக்குது."

"எண்ணலைன்னா உன் காலை மிதிச்சிடுவேன்."

"எண்ணியும்தான் மிதிக்கிறீங்க."

இது போதும். இவர்கள் கணவன் மனைவி. கைகோத்துச் சுழலும் பால்ரூம் நடன வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவர் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். மேலே போவதும் கீழே வருவதும் அத்துப்படி. பக்கவாட்டில் நகர்வதுதான் புதிது. மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள்.

(இருவரையும் 'அவர்' என்று எழுதினால் யார் யாரை மிதித்தார் என்று எனக்கே குழம்பிவிடும். அதனால் அவளை 'அவள்' என்கிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மிதிபடுகிறவள் அவள்தான், என் அனுதாபமும் அங்கேதான்.)

எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவர்களைக் கண்டால் கண்ணாடியம்மாவுக்கு ஆகாது. "அளவுல பொய் சொன்னா அவஸ்தை உங்களுக்குத்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் தன் கால் ஆறாம் நம்பர் என்று சொல்லி நடனக் காலணி வாங்கியிருக்கிறாள்.* கல்யாணத்தின்போது ஆறுதான். இப்போது ஏழு. இது அவளுக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். லிஃப்ட்காரரிடம் உளறிவிடாதீர்கள்.

* அதுவும் காலையில் போய் வாங்கினாள். சாயங்காலம் பாதம் லேசாக உப்பியிருக்கும், அப்போது போட்டுப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். இந்தக் கதையில் பயனுள்ள வரி இது ஒன்றுதான்.

3

அந்த இன்னொரு காது லிஃப்ட்காரருடையது. பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்தது: "இந்த ஜோடி எனக்கு ஒத்துவரலைங்க. வேற மாத்திக் குடுங்க."

வகுப்பில் டீச்சர் கைதட்டி "ஜோடி மாத்துங்க!" என்று கத்தும்போதெல்லாம் அவருக்கு எண்ணிக்கை தவறிவிடும். ஜோடி என்றால் அவருக்கு அந்த ஒரே அர்த்தம்தான். டீச்சரிடம்தான் பேசுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். ஆடும்போது அவள் முகம் சுளிப்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

"ஏன் சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?"

"நம்ம வகுப்புல அந்தப் பல் டாக்டர் நல்லா ஆடுறார், இல்ல?"

"ஆமா. ஏன், பல் வலியா?"

"பல்லு இல்ல."

"பல்லு இல்லையா?"

"வலி இல்லன்னேன்."

இந்த இடத்தில் அவர் நேராகக் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். கேளுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று மணிக்கணக்கில் தைரியம் சொன்ன மனிதர், சொந்தச் சாப்பாட்டு மேஜையில் வாய் திறக்கவில்லை. இப்படி ஒருவர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்தால் உங்கள் சாப்பாட்டு மேஜையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

அவர் மனதுக்குள் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது: 'அடுத்த வகுப்புல ஒரே ஒரு தடவை முகம் சுளிச்சாலும் நானா விலகிடறேன்.'

வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் அவள் கையைப் பிடிப்பது. அதையும் விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டார். ஆனால் அதற்கு முன் ஒரு கடைசி முயற்சி: தன் காலணியை மாற்றிப் பார்ப்பது. நடனக் காலணி விற்பது ஊரில் ஒரே கடை.

4

"இதைப் போட்டுக்கிட்டா சார் ஆடுறீங்க?" கடைக்காரர் அவருடைய கனமான காலணியைத் திருப்பிப் பார்த்தார். "ரப்பர் அடி தரையைக் கவ்விக்கும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. நடுவுல முட்டிதான் மாட்டிக்கும்."

"பக்கத்துல இருக்கிறவங்க காலும்."

"இதைப் போட்டுப் பாருங்க. அடியில மெத்துன்னு தோல். பிடிக்கவும் பிடிக்காது, வழுக்கவும் வழுக்காது. தெருவுல மட்டும் போட்டு நடந்துடாதீங்க. விரல் அசையுதா?"

"அசையுது."

"குதிகால் கழலுதா?"

"இல்ல."

"அப்ப நுனிக்கால்ல நில்லுங்க. எங்க கடிக்குதுன்னு அப்பதான் தெரியும்."

லிஃப்ட்காரர் பெட்டி அலமாரியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பினார்.

"வீட்டம்மாவும் ஆடுறாங்களா சார்?"

"இன்னைய தேதி வரைக்கும்."

கதவு திறந்தது. கையில் பெட்டியோடு கண்ணாடியம்மா.

5

அவர் அப்படியே நுனிக்காலில் நிற்கட்டும். நமக்கு முடிவுகள் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் முடிவு: "இவங்கதான் சார் ஜோடி மாத்தணும்னு போன் பண்ணினவங்க" என்று கடைக்காரர் போட்டு உடைக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். (சிரித்துவிட்டு? அவள் மறுபடி ஆறையே வாங்கிக்கொண்டு போவாள். வலிக்கும். முகம் சுளிப்பாள். அவர் விலகுவார்.)

இரண்டாம் முடிவு: பல் டாக்டர் உள்ளே வந்து

(இவரை யார் கூப்பிட்டது?)

மூன்றாவது, என் காதில் விழுந்தபடியே:

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"நிக்கிறேன்."

"அது தெரியுது."

"நீ?"

"இந்த ஜோடி ஒத்துவரல. மாத்திக்கலாம்னு வந்தேன்."

லிஃப்ட்காரர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெட்டியை.

"அன்னைக்குப் போன்ல சொன்னது இதையா?"

"வேற எதை?"

"நான் மிதிக்கிறதாலன்னு..."

"மிதிக்கிறீங்கதான். யாரு இல்லன்னா? ஆனா வலி அதால இல்ல."

"பின்ன எதால?"

அவள் பெட்டியைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தாள். கடைக்காரர் அவள் காலடியில் குந்திக்கொண்டு கேட்டார்: "என்னம்மா, அதே ஆறா?"

எத்தனை பேரைப் பலகை முன்னால் உட்காரவைத்து உண்மையைச் சொல்லச் சொன்னவள். இப்போது அவள் முறை. கணவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் வாய் திறந்தாள். சரியாக அந்த நேரத்தில் கடைக்காரர் பெட்டிக்குள்ளிருந்து காகிதத்தை உருவினார். அந்தச் சரசரப்பில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

உங்களுக்குக் கேட்டதா? கேட்டிருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அவள் 'ஏழு' என்று சொன்னதாக எழுதினால், உடனே அவரைக் குதிகாலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பாவம், நாலாம் பகுதியிலிருந்து நிற்கிறார்.