ஏழு மணிக்கு வாங்க

ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடிதான் அர்லெத் அந்த அழைப்பை விடுத்தாள். முன்னால் நின்ற மரீஸின் தோளைத் தொட்டு, கடையிலிருந்த எல்லோர் காதிலும் விழும்படி, "வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நீயும் லூசியானும் வீட்டுக்கு வாங்க, அப்பெரோவுக்கு" என்றாள். அப்பெரோ என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் கூடிக் குடிக்கும் ஒரு கோப்பை மது, கொறிக்க ஏதாவது. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த கடைக்காரியின் கை நின்றது. அதே வெள்ளிக்கிழமை மாலைதான் அர்லெத்தின் கணவன் ரெழீஸ், தான் குடிபோயிருக்கும் நதலியின் வீட்டில் பழைய நண்பர்களை முதல்முறையாக மதுவுக்கு அழைத்திருந்தான். நதலி சலூன் வைத்திருப்பவள். ஊரில் பாதிப்பேரின் தலை அவள் கையில் இருந்தது, செய்தி பரவ அது போதும். அர்லெத்துக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள்.

மரீஸ் திரும்பி, வியாழக்கிழமை மூன்று மணிக்குக் காப்பி குடிக்க வரட்டுமா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"காப்பி வேணாம் மரீஸ். எல்லாரும் மாத்தி மாத்திக் குடுத்த காப்பியில எனக்குத் தூக்கமே போயிருச்சு."

அது பொய்யில்லை. ரெழீஸ் விட்டுப்போன இலையுதிர் காலத்திலிருந்து அவளை யாரும் கைவிடவில்லை. கைவிட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவர்கள் அவளை மாலையிலிருந்து எடுத்துப் பிற்பகலில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஏழு மணி தம்பதிகளுடையது. தனியாகிப்போன பெண்ணுக்கு, ஆண்கள் வீட்டில் இல்லாத மூன்று மணி, காப்பி, ஒரு துண்டு ஆப்பிள் கேக், கையில் ஒரு தட்டல். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. வீட்டில் நாற்காலிகளை நகர்த்துவதுபோலத் தானாக நடந்தது. இப்படியே ஒரு வருடம் போனால் தானே மூன்று மணிக்கு உரியவளாக மாறிவிடுவோம், அந்த மெல்லிய குரலும் நன்றிச் சிரிப்பும் தன் முகத்திலேயே தங்கிவிடும் என்பதுதான் அவள் பயம்.

லியோனிலிருந்து மகள் தொலைபேசியில், அழைப்பதானால் இரவுச் சாப்பாட்டுக்கே அழை, அதுதான் மரியாதை என்றாள். அர்லெத் மறுத்தாள். விருந்தில் உட்காரவைத்துவிட்டால் இனிப்பு வரும்வரை யாரும் எழுந்துபோக முடியாது. அப்படிக் கட்டிப்போட்டுப் பெறும் துணை அவளுக்கு வேண்டாம். அப்பெரோவில் கதவு பாதி திறந்தே இருக்கிறது. ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இரண்டாவதை வாங்கிக்கொண்டால்தான் இருக்க விரும்புகிறார்கள் என்று அர்த்தம். அது அவர்களாக விரும்பித் தருவது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். அது அவளுக்கே ஆச்சரியம். சீஸ் கலந்த மாவைக் கரண்டியால் தட்டில் வைத்து, அடுப்பின் கண்ணாடி வழியே அவை உப்புவதைக் குனிந்து பார்த்தாள். முள்ளங்கியைக் கழுவி, வெண்ணெயை வெளியே எடுத்துவைத்தாள். இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று கை பரபரத்தபோது அடக்கிக்கொண்டாள். மேசை நிறைந்துவிட்டால் அதில் கெஞ்சல் தெரியும்.

ஏழேகாலுக்கு, இந்த ஊர் மரியாதைப்படி சற்றுப் பிந்தி, மணி அடித்தது. மரீஸும் லூசியானும். பின்னாலேயே இன்னொரு தோழி ஜோசியான், தனியாக. அவளை அர்லெத் தபால் நிலைய வாசலில் அழைத்திருந்தாள். தன் கணவன் நேராக நதலி வீட்டுக்கே போய்விட்டான் என்று கோட்டைக் கழற்றும்போதே ஜோசியான் அறிவித்தாள். "அங்க பாக்கெட் சிப்ஸுதானாம். நதலி முடிதான் வெட்டுவா, வேறெதும் வெட்ட மாட்டா." மரீஸ் சிரிப்பை விழுங்கினாள். லூசியான் கோட்டைக் கழற்றவில்லை. அரைமணி நேரம்தான், அங்கே காத்திருப்பார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். ரெழீஸும் அவனும் ஒரே பள்ளி, ஒரே வேட்டைக் கூட்டம்.

குளிர்ந்த வெள்ளை ஒயினையும் காசிஸ் பழமதுவையும் அவள் கொண்டுவந்து வைத்ததும், லூசியானின் கை தானாக நீண்டது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இந்த வீட்டில் ஊற்றுவது எப்போதும் ரெழீஸ். அவன் இல்லாதபோது இருக்கும் ஆண் ஊற்ற வேண்டும், பெண்கள் தட்டு எடுத்துவர வேண்டும்.

"குடு அர்லெத், நான் ஊத்துறேன்."

"உக்காரு லூசியான். நீ விருந்தாளி."

"எதுக்கு உனக்குச் சிரமம்..."

"புட்டி ஒண்ணும் பாரமில்ல."

அவன் கை சற்று நேரம் காற்றில் நின்று, பிறகு முழங்காலுக்குத் திரும்பியது. அர்லெத் ஒவ்வொரு கோப்பையிலும் காசிஸை விரலளவுக்கும் குறைவாக விட்டு, மேலே ஒயினை மெதுவாக ஊற்றினாள். அடர்சிவப்பு எழுந்து வெளுத்து, விடியற்கால வானத்தின் நிறத்தில் நின்றது. ஒரு துளி சிந்தவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்த வேலை இவ்வளவு இனிமையானதா என்று நினைத்தாள். இதைத்தானா அவன் எனக்கு விடாமல் வைத்திருந்தான்?

கோப்பைகளை உயர்த்தினார்கள். முட்டும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும், பாராமல் குடிப்பவர் இந்த ஊரில் யாருமில்லை. ஜோசியான் பார்த்தாள். மரீஸ் கொஞ்சம் கலங்கியே பார்த்தாள். லூசியான் கோப்பையை முட்டிவிட்டு, அவள் காதருகே எங்கோ பார்த்தபடி உதட்டுக்குக் கொண்டுபோனான்.

அர்லெத் குடிக்கவில்லை. கோப்பையை நீட்டியபடியே நின்றாள். விருந்து தருபவள் குடிக்காதபோது மற்றவர்களும் குடிக்க முடியாது. அடுப்பு ஆறும் சத்தம் கேட்டது. உன்னிடம் நான் நியாயம் கேட்கவில்லை, அவனை விட்டுக்கொடு என்றும் சொல்லவில்லை, என் வீட்டில் என்னைப் பார், அது போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"பாருங்களேன், அவ கை வலிக்கப் போகுது" என்றாள் மரீஸ், கணவனிடம்.

லூசியான் நிமிர்ந்தான். பழக்கப்பட்ட, சாம்பல் நிறக் கண்கள். அவற்றில் இருந்தது வெறுப்பல்ல, கூச்சம். அர்லெத் அதை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

"ரெழீஸோடது இன்னும் இனிப்பா இருக்கும்" என்றான் அவன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ஆமா. கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் இருமல் மருந்தைத்தான் குடிச்சிட்டிருந்தேன்."

ஜோசியானுக்குப் புரையேறியது. அதன்பிறகு பேச்சு எப்படியோ வழக்கமான தடத்தில் விழுந்தது. பாலத்தை எப்போது திறப்பார்கள், மேயரின் புது நாய், இந்த வருடப் பனி. ரெழீஸ் பெயரை யாரும் தவிர்க்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. உப்பிய சீஸ் அப்பங்கள் தட்டில் குறைந்துகொண்டே வந்தன. லூசியான்கூட இரண்டு எடுத்தான்.

பிறகு அவன் பையில் தொலைபேசி அதிர்ந்தது. யாரென்று யாரும் கேட்கவில்லை. அவன் எழுந்து கோட்டுப் பொத்தானைத் தொட்டு, "மரீஸ், கிளம்புவோம்" என்றான்.

அர்லெத் புட்டியை எடுத்தாள். யார் கோப்பையை நோக்கியும் சாய்க்கவில்லை. மேசைமேல் நேராகப் பிடித்திருந்தாள். வற்புறுத்தினால் எல்லாம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மரீஸ் தன் காலிக் கோப்பையைப் பார்த்தாள். அடியில் ஒரு சிவப்பு வட்டம். கணவனைப் பார்த்தாள். பிறகு கோப்பையை மேசையின் நடுவுக்கு, புட்டியின் பக்கம், ஒரு விரலால் தள்ளினாள்.

"நீங்க முன்னாடி போங்க. நான் இருக்கேன்."

"அவன் உன்னையும்தான கூப்பிட்டான்?"

"இவளும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கா."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அர்லெத் ஊற்றினாள். இந்த முறை மேசைவிரிப்பில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. ஜோசியான், இந்த அறையில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி எழுந்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். மார்ச் மாதக் குளிரும் ஆற்றின் வாடையும் உள்ளே வந்தன. கீழே, நீரூற்றின் அருகில், லூசியான் நின்றிருந்தான். நதலி வீட்டுக்கு ஏறும் தெருவுக்கு இரண்டடி தள்ளி, சிகரெட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு. மரீஸ் ஏதோ சொன்னாள், ஜோசியான் உரக்கச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு ஜன்னல் வழியே வெளியேறி ஈரக் கற்கள்மேல் விழுந்தது. அவன் தலையைத் தூக்கினான். அர்லெத் கையசைக்கவில்லை, ஜன்னலைச் சாத்தவும் இல்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் முதுகில் விழ, ஜன்னலருகிலேயே நின்றாள்.