குளிரில் திரும்பிய எழுத்து

துணித்துண்டுகளைக் கட்டம் கட்டமாக இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைகளின் கண்காட்சியில் எங்கள் போர்வையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மண்டபத்தின் நடுவில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில் அது தொங்கியது. அதன் மையத்திலிருந்த வெள்ளைக் கட்டத்தில், என் கையெழுத்தில், கொட்டை கொட்டையாக, "எப்பதான் போவா இவ?" என்று இருந்தது.

எழுதியது நான்தான். பத்து மாதத்துக்கு முன்னால். ஆனால் அது அன்றைக்கே அழிந்துபோனதாயிற்றே!

எங்கள் தையல் சங்கத்தில் கோடு போட எல்லாரும் ஒரே மாதிரிப் பேனாவைத்தான் வைத்திருக்கிறோம். கோடு போட்டுத் தைத்துவிட்டு இஸ்திரி போட்டால், சூட்டில் மை மறைந்துவிடும். கணவனை விட்டுவிட்டு என் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்த புதிது அது. வந்த மூன்றாம் நாளே என் சமையலறை டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றிவிட்டாள். வாயைத் திறந்தால் வீடு இரண்டாகும் என்று, கையிலிருந்த பேனாவால், போர்வைக்கு வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியில் என் ஆத்திரத்தைக் கொட்டினேன். அதற்குள் வாசலில் மணி அடித்தது. வந்தவர்களைக் கவனித்து அனுப்பிவிட்டு ராத்திரி வந்து பார்த்தால், துணி இஸ்திரி போட்டு மடித்து இருந்தது. நானே போட்டிருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்தப் போர்வையை இரண்டு பேருமாகத்தான் தைத்தோம். அவளுக்கு நல்ல கை. ஆனால் ஆமை வேகம். தைத்த வரிசையைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைப்பாள். "எந்த ஜென்மத்துல முடிப்பே?" என்று நான் கத்துவேன், அவள் சிரிப்பாள். போகப் போக, அவள் எதிரில் உட்காராமல் எனக்கு டீ இறங்காது என்று ஆகிவிட்டது. அதை அவளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. திட்டுவதென்றால் முந்திக்கொள்கிற பாழாய்ப்போன வாய் இது. கண்காட்சி முடிந்ததும், "எங்கேயும் போகாதே, இங்கேயே இரும்மா" என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். பதினொரு மணிக்கு அவள் என் கணவரோடு வருவதாக ஏற்பாடு. அப்போது மணி பத்தரை.

சங்கச் செயலாளரைத் தேடி ஓடினேன். கையுறை போடாமல் யாரையும் போர்வையைத் தொட விடமாட்டார், அதனால் அவருக்குக் 'கையுறை அக்கா' என்று பெயர்.

"அக்கா, இந்த எழுத்து எப்படி வந்துச்சு?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அழிச்சதுக்கா! இஸ்திரி போட்டு அழிச்சது!"

அவர் வாயில் கை வைத்தார். "ஐயையோ. பூச்சி இருந்தா செத்துரட்டும்னு எல்லாப் போர்வையையும் ரெண்டு நாள் ஐஸ் கிடங்குல வெச்சிருந்தோம். பனி பட்டா அந்த மை திரும்பி வந்துரும்னு யாருக்குத் தோணுச்சு?"

"ஒரு அயர்ன் பாக்ஸ் குடுங்க, ரெண்டே நிமிஷம்."

"நடுவர் பார்த்தாச்சு, இனிமே தொடக் கூடாது. அதுவும் முதல் பரிசே இதுக்குத்தான். வீட்டுக்குள்ள நடக்குறதை இவ்ளோ தைரியமா எழுதியிருக்காங்களேன்னு மனுஷர் அசந்துபோயிட்டார். ரெண்டு கையெழுத்துல இருக்கிறதுதான் அழகாம்."

"ரெண்டு கையெழுத்தா?"

திரும்பிப் போய்ப் பார்த்தேன். என் கட்டத்தைத் தாண்டி என் கண் போகவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஓரத்துக் கட்டங்களில், குண்டு குண்டான அவள் எழுத்து; அவளும் அதே பேனாவால் எழுதி எழுதி, இஸ்திரி போட்டு அழித்திருக்கிறாள்.

"பார்த்துட்டேன் அண்ணி. இது முடிஞ்சதும் போயிடுறேன்."

அப்படியானால் அன்றைக்கு இஸ்திரி போட்டது அவள். அடுத்த கட்டம்: "இன்னிக்கு ஒரு வரிசை பிரிச்சேன். இன்னும் நாலு நாள் இருக்கலாம்." அதற்கும் கீழே: "அண்ணி இன்னிக்கு எனக்கு முதல்ல டீ குடுத்தாங்க. ரெண்டு வரிசை பிரிச்சுட்டேன்."

பத்து மாதம். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, என் வீட்டில் இருப்பதற்காகத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒரு பாவி. ஆமை என்று வேறு சொன்னேன்.

கடைசிக் கட்டத்தில், "முடிஞ்சிருச்சு. இருன்னு சொல்லுவாங்களான்னு பார்த்தேன்" என்று இருந்தது.

யாரோ இரண்டு பெண்கள் என் பக்கத்தில் நின்று அதைப் படித்துவிட்டு, "எவ்ளோ அழகான கற்பனை!" என்று போட்டோ எடுத்தார்கள். அவர்களைப் பிடித்து அறைய வேண்டும் போல இருந்தது. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தாள்.

பதினொரு மணிக்கு என் கணவர் வந்தார். தனியாக வந்தார்.

"அவ எங்கே?"

"ஒன்பது மணி பஸ்ல ஏத்தி விட்டுட்டுத்தான் வரேன். சிநேகிதி ஒருத்தி ரூம் பார்த்து வெச்சிருக்காளாம். என்ன இப்படிக் கேக்குறே? அண்ணிகிட்ட எப்பவோ சொல்லிட்டேன்னாளே?"

"சொல்லியிருக்கா" என்றேன். போர்வையைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். முதலில் நடுக் கட்டத்தைத்தான் படித்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஓரம்வரை ஒவ்வொன்றாகப் படித்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

"அவ என் தங்கச்சிடி" என்றார்.