கேம்பர் வேனின் முதல் விருந்தாளிகள்

ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றதும் இளங்கோவன் செய்த முதல் காரியம், பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதுதான். இத்தனை காலம் ரயில் பெட்டிகளுக்குள் இருக்கை பொருத்தியவர், இந்த வண்டியிலிருந்து இருக்கைகளைக் கழற்றிப் போட்டார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் திறந்து மூடுகிற ஜன்னல் என்று உள்ளே ஒரு குட்டி வீட்டையே கட்டிவிட்டார். மெட்டுகுடாவில் அவர்கள் குடியிருந்த சந்தே வந்து வேடிக்கை பார்த்தது. மாற்றங்களை முறைப்படி ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் ஏற்றிய பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது.

அவர் மனைவி லலிதாவுக்கு மட்டும் அதில் அவ்வளவு சந்தோஷமில்லை. மகன் புனேவில் இருந்தான். இளங்கோவனோ வண்டி ஓட்டும்போது வாயே திறக்காத மனிதர்.

"நாம ரெண்டே பேரு இதுல எங்க போறது? சும்மா நிக்கிற நேரத்துல வாடகைக்காவது போகட்டும்" என்று அவளே படம் எடுத்து, தனியார் வண்டிகளை வாடகைக்கு விடும் இணையதளம் ஒன்றில் போட்டாள்.

முதலில் பதிவு செய்தவள் நஸ்ரின். மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அம்மா ஜுலைகா, வண்டிக்குள்ளேயே சமைத்துத் தூங்குகிற பயணம் ஒன்று போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மேதக் பக்கம் போச்சாரம் ஏரிக்குப் போவதாகத் திட்டம். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இருவரும் வண்டியைப் பார்க்க வந்தார்கள்.

ஜுலைகா நேராக உள்ளே ஏறி, கட்டிலில் படுத்துப் பார்த்து, அடுப்பைப் பற்றவைத்து டீ போட ஆரம்பித்துவிட்டார். நஸ்ரின் வாசலில் நின்று கேட்டாள்.

"இன்சூரன்ஸ் எப்படி அங்கிள்?"

"ஃபுல் இன்சூரன்ஸ்மா. கவலையே வேணாம், நக்கோ."

"வாடகைக்கு விட்டாலும் செல்லுமா? இது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியாச்சே."

இளங்கோவன் லலிதாவைப் பார்த்தார். லலிதா உடனே பாலிசி எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் ராகவேந்திராவுக்கு போன் போட்டாள். அவர் தெலுங்கில் சொல்லச் சொல்ல இவள் தமிழில் சொன்னாள்.

"சொந்த உபயோக பாலிசியாம். வாடகைக்குப் போனப்ப அடிபட்டா நம்ம வண்டிக்குப் பைசா வராதாம். வேற யாருக்காவது அடிபட்டு கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாலும், அப்புறம் அதை நம்மகிட்ட வசூல் பண்ணலாமாம்."

"இந்த வெப்சைட்ல பாதுகாப்புத் திட்டம்னு போட்டிருக்கே?" என்றாள் நஸ்ரின்.

லலிதா கேட்டுச் சொன்னாள். "அது இன்சூரன்ஸ் இல்லையாம். வண்டியில கீறல், நசுங்கல் வந்தா இவ்வளவு ரூபாய்க்கு மேல உங்ககிட்ட கேக்க மாட்டோம்னு அவங்க கொடுக்கிற வாக்குதானாம். அதுவும் வாடகை வண்டியா பதிவு பண்ணியிருந்தாத்தான். பதிவை மாத்தி, பெர்மிட் வாங்கி, அதுக்கேத்த பாலிசி எடுக்கணுமாம். நாளைக்குள்ள ஆகிற காரியமில்லை."

நஸ்ரினுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப கேன்சல் பண்ணிடலாம் ஆன்ட்டி. எனக்கும் ரிஸ்க், உங்களுக்கும் ரிஸ்க்."

ஜுலைகா டீ டம்ளரோடு வண்டி வாசலுக்கு வந்தார். இறங்குகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

"வாடகைதானே கூடாது? விருந்தாளியா வந்தா ஒண்ணும் இல்லைல்லா? அக்கா, நீங்களும் அண்ணனும் எங்ககூட வாங்க. சமையல் என் பொறுப்பு."

லலிதா அதைத் தெலுங்கில் சொன்னதும் போனில் இருந்த ராகவேந்திரா சிரித்தார். தெரிந்தவர்களைச் சும்மா கூட்டிக்கொண்டு போவதில் தப்பில்லை, ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு மறைவாகக் காசு வாங்கினால் அதுவும் வாடகைதான் என்றார். நஸ்ரின் அங்கேயே பதிவை ரத்து செய்தாள்.

மறுநாள் காலை போவன்பள்ளி மார்க்கெட்டில் நிறுத்தித் தக்காளியும் கத்தரிக்காயும் வாங்கினார்கள். ஜுலைகாவும் லலிதாவும் விலை பேசிய வேகத்தில் கடைக்காரர் கறிவேப்பிலையைத் தானாகவே எடுத்து நீட்டினார். வழியெல்லாம் பேச்சு. மாமியார் கதை, மருமகள் கதை என்று லலிதா அத்தனை சிரித்து இளங்கோவன் பார்த்ததில்லை. கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்த்துக்கொண்டார்.

ஏரிக்கரையில் வண்டிகள் தங்கும் தோட்டம் ஒன்று இருந்தது. அதன் நுழைவாயிலில் தகர வளைவு. வண்டி உள்ளே நுழைந்ததும் மேலே படாரென்று சத்தம். காற்றுக்காக ஜுலைகா திறந்துவைத்திருந்த கூரை ஜன்னல் உடைந்து, சுற்றிலும் தகடு கிழிந்து தொங்கியது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் ஜுலைகாவின் கண்கள் கலங்கிவிட்டன. "நான்தான் திறந்தேன் அண்ணே. செலவை நான் தந்திருதேன்."

இளங்கோவன் இறங்கி, அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "ரயில் பெட்டிக்கு ஏன் கூரையில ஜன்னல் வைக்கிறதில்லைன்னு இப்பத்தான் புரியுது" என்றார். முதலில் சிரித்தது லலிதாதான். தார்ப்பாயைக் கட்டிவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டு, திட்டமிட்டபடி இரவு தங்கிவிட்டுத்தான் திரும்பினார்கள்.

ஊருக்கு வந்து கிளெய்ம் போட்டதும், சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் மனோஜ் வந்தார். படம் எடுத்து முடித்துவிட்டுத் தன் போனை நீட்டினார். அதில் லலிதா போட்ட வாடகை விளம்பரம். அதை எடுக்க அவள் மறந்தே போயிருந்தாள்.

"வண்டியில இன்னும் ரெண்டு பேர் இருந்ததா ஃபாரத்துல இருக்கு. வாடகைப் பயணமா?" என்று தெலுங்கில் கேட்டார்.

இளங்கோவன், "அவங்க நம்ம சொந்தக்காரங்க..." என்று இழுத்தார்.

"சொந்தமெல்லாம் இல்லை" என்று லலிதா இடைமறித்தாள். விளம்பரம் போட்டது, பதிவு வந்தது, ரத்தானது, ஜன்னலை யார் திறந்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மனோஜ் நஸ்ரினுக்கு போன் செய்தார். அவள் பதிவு ரத்தானதற்கான செய்தியை அனுப்பிவைத்தாள். பக்கத்திலிருந்த ஜுலைகாவின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "வாடகை கொடுக்கத்தான் போனோம், அவங்கதான் வாங்கலை. மீன்கூட அந்த அண்ணன் காசுதான். அதையும் எழுதிக்கிடச் சொல்லுளா."

நஸ்ரின் அதை அப்படியே தெலுங்கில் சொல்ல, மனோஜ் சிரித்துவிட்டார். மீனுக்கு ஃபாரத்தில் இடமில்லை என்றார்.

பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் கழித்துக்கொண்டு கிளெய்ம் பாஸானது. அன்றே லலிதா விளம்பரத்தை எடுத்தாள்.

"பெர்மிட் வாங்கி வாடகை வண்டியாவே மாத்திடலாமா?" என்று கேட்டார் இளங்கோவன்.

"கைக்கு, எதுக்கு? அதை யாருக்காவது கொடுத்துட்டு நான் வீட்ல உக்காந்திருக்கவா? ஜுலைகா ஊருக்குப் போறதுக்குள்ள பத்ராசலம் போகணும்னு பேசி வச்சிருக்கோம். புது ஜன்னலை எப்பப் பொருத்துவீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

இளங்கோவன் ஸ்பேனரைத் தேடி எழுந்தார்.