ஃபியூஸுக்கு ஆகாத பொருள்

எங்கள் நாயின் பெயர் ஃபியூஸ். எலக்ட்ரீஷியன் வீட்டு நாய்க்கு வேறு என்ன பெயர் இருக்கும்? மூன்று வயது, பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒன்று படுத்தே கிடக்கும். போன மழைக்குப் பிறகு அவனுக்கு அரிப்பு ஆரம்பித்தது. வயிறு சிவந்தது. பாதங்களை நக்கி நக்கியே புண்ணாக்கிக்கொண்டான். உட்கார்ந்து பின்னங்காலால் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தால் முட்டி தரையில் இடித்து வீடு முழுக்க டக் டக் டக் என்று கேட்கும்.

நாங்கள் குடியிருப்பது மாடியில். எங்களுக்குத் தரை என்பது கீழே இருக்கும் ஓனரம்மாவுக்குக் கூரை. ஒருநாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"ஏம்மா, மேல என்னத்தைப் போட்டு இடிக்கிறீங்க?"

"நாய் சொறியுதுங்கம்மா."

"சொறியட்டும். அதுக்கு என் மண்டை மேலயா? ஒரு மாசம் பார்ப்பேன். சத்தம் நிக்கலைன்னா நாய் போகணும், இல்ல நீங்க மூணு பேரும் போகணும்."

அவர் இறங்கிப் போனதும் என் கணவருக்கு முகம் செத்துவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இந்த வீட்டில் இவர் கொஞ்சுவதற்கு மிச்சம் இருந்தது ஃபியூஸ் ஒருவன்தான். என்னையும் கொஞ்சலாம். அது இவருக்குத் தோன்றியதில்லை.

கால்நடை டாக்டரம்மா அவனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இது ஒட்டுவாரொட்டி இல்ல, பயப்படாதீங்க. சுத்துமுத்தும் இருக்குறதுல ஏதோ ஒண்ணு இவனுக்கு ஆகல. தூசி, பூஞ்சை, பூந்தாது, புல்லு, எதுவா வேணா இருக்கலாம். வாரம் ஒரு தடவை இந்த ஷாம்பூ போட்டு பத்து நிமிஷம் ஊறவிடுங்க. வெளிய போயிட்டு வந்தா காலைத் துடைங்க. ரொம்ப அரிச்சா மாத்திரை. முழுசாப் போகாது. ஆனா ஆகாதது எதுன்னு தெரிஞ்சா அடக்கி வைக்கலாம்."

இவருக்கு அது போதும். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே பேச்சு.

"இது சிம்பிள். ஒரு வீட்டுல கரன்ட் லீக் ஆகுதுன்னா என்ன பண்ணுவோம்? எல்லாத்தையும் கழட்டிட்டு ஒவ்வொண்ணா மாட்டிப் பார்ப்போம். எதை மாட்டுறப்போ ட்ரிப் ஆகி கரன்ட் போகுதோ அவன்தான் கள்ளன்."

கள்ளனைப் பிடிக்கும் வேலை மறுநாளே தொடங்கியது. சந்தேகப்பட்ட பொருள்கள் மீதெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, வெள்ளைப் பேனாவால் நம்பர் எழுதினார். ஒன்று, என் தையல் மெஷின். இரண்டு, வெட்டுத்துணி மூட்டை. மூன்று, திரைச்சீலைகள். நான்கு, கால்மிதி. ஐந்து, ஜன்னலோரம் நான் வளர்த்த செடி. இப்படியே பதினொன்று வரை. பதினொன்று, என் பவுடர் டப்பா. எல்லாம் மொட்டை மாடியில் இருந்த தகரக் கொட்டகைக்குப் போயின.

"ஏங்க, பதினொண்ணும் என் சாமானாவே இருக்கே. உங்களோடது ஒண்ணுகூடவா ஆகாது?"

"என்னோடது என்ன இருக்கு? ஒரு டூல் பாக்ஸ். அது இரும்பு. இரும்புக்கு அலர்ஜி வருமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், தும்மல் வந்துவிட்டது. எனக்குத் தும்மல் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து காலை ஆறு மணிக்குப் பத்துப் பதினைந்து தும்மல், பிறகு நாள் முழுக்கச் சில்லறையாக. கேட்டால், "உங்க குடும்பத்து மூக்கு. உங்க அம்மாவும் இப்படித்தான்" என்பார். அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்.

"மெதுவாத் தும்மு. ஃபியூஸ் மிரள்றான் பாரு."

மூன்று வாரம் இப்படிப் போனது. சனிக்கிழமை ஷாம்பூ ஊறும் பத்து நிமிடமும் இவர் பாத்ரூமில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நுரையோடு நடுங்கும் நாய்க்கு அன்றைய வேலைக் கதைகளைச் சொல்வார். எந்த வீட்டுச் சுவரை வெட்டினார், எந்தப் பழைய ஆபீசின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தவழ்ந்தார், எல்லாம். நான் கதவுக்கு வெளியே நின்று தெரிந்துகொள்வேன். நாய்க்குப் பிறகுதான் எனக்குச் செய்தி.

வாரத்துக்கு ஒரு பொருள் உள்ளே வந்தது. எதற்கும் சத்தம் கூடவில்லை, குறையவும் இல்லை. டக் டக் டக். கீழேயிருந்து ஓனரம்மா துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டிப் பதில் சொல்வார். இவருக்குச் சோறு இறங்கவில்லை. "இவனை எங்க அக்கா வீட்டுல விட்டுடலாமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு, என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் எழுந்து போய்விட்டார்.

மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது வெளியூரில் ஒரு ஃபேக்டரி வயரிங் வேலை வந்தது. ஆறு நாள். போகும்போது என்னிடம், "எதையும் உள்ள எடுக்காத. டெஸ்ட் கெட்டுடும்" என்று மிரட்டி, நாயிடம் கண் கலங்கி, கிளம்பினார்.

நான் இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அவசரத் தையல் ஒன்று வந்தது. கோபமும் கூடவே வந்தது. டெஸ்ட்டாவது ஒண்ணாவது என்று கொட்டகையைத் திறந்து, மிச்சமிருந்த அத்தனையையும் உள்ளே இழுத்துப் போட்டேன். மெஷின், மூட்டை, திரை, செடி, பவுடர், எல்லாம். ஃபியூஸ் வந்து துணி மூட்டையின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டான். 'சொறி மகனே, உங்க அப்பா வந்து என்னைத் திட்டட்டும்' என்று காத்திருந்தேன்.

அவன் சொறியவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. ஐந்தாம் நாள் ஓனரம்மா படியேறி வந்து, சங்கடத்தோடு கேட்டார்.

"சத்தமே காணோமே. நாயை அனுப்பிட்டீங்களா? நான் ஏதோ கோவத்துல சொன்னேம்மா..."

ஃபியூஸ் போய் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தான். அவர் நகரவில்லை. டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

ஏழாம் நாள் மாலை இவர் வந்தார். எப்போதும்போல பையை எறிந்துவிட்டு, வேலைச் சட்டையோடு தரையில் மல்லாந்தார். ஃபியூஸ் பாய்ந்து நெஞ்சில் ஏறி, சட்டைக்குள் மூக்கை நுழைத்துப் புரண்டான். தினமும் நடக்கும் கூத்துதான் இது. ஆனால் அன்றுதான் ஜன்னல் வெயிலில் பார்த்தேன். நாயின் வால் சட்டையில் அடிக்க அடிக்கப் புகை மாதிரி தூசி எழுந்தது.

நான் போட்டுக்கொடுத்த டீ ஆறுவதற்குள் டக் டக் டக்.

இவர் துள்ளி எழுந்தார். தையல் மெஷினைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது. "சொல்லிட்டுத்தானே போனேன்! எதை உள்ள எடுத்த?"

"எல்லாத்தையும். நாலு நாளாச்சு. இவன் ஒரு தடவைகூடச் சொறியல. கீழ வேணா கேட்டுப் பாருங்க."

"அப்ப இன்னைக்கு என்ன புதுசா உள்ள வந்துச்சு?"

"நீங்க."

சட்டையைக் குனிந்து பார்த்தார். ஒருமுறை தட்டினார். பத்து வீட்டுச் சுவரும் நாலு ஆபீஸ் கூரையும் அதிலிருந்து பறந்தன. நான் இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு கிழித்து, பன்னிரண்டு என்று எழுதி அவர் நெற்றியில் ஒட்டினேன். அவர் அதை எடுக்காமலே மொட்டை மாடிக்கு ஏறிப் போனார்.

அன்றிலிருந்து கொட்டகை அவருடையது. வேலைச் சட்டை அங்கேயே கழன்று ஒரு மூடி போட்ட டிரம்மில் விழும். மாடிக் குழாயில் குளியல். அதன் பிறகுதான் நாய். இருபத்திரண்டு வருஷமாக நான் தொண்டை கிழியச் சொன்ன "குளிச்சிட்டு வாங்க" ஒரே நாளில் நடந்தது, நாய்க்காக. எனக்கு ஃபியூஸ் மேல் பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன. அரிப்பு முழுதாகப் போகவில்லை. எப்போதாவது ஒரு டக். ஓனரம்மா, "இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்று கீழேயிருந்து கணக்குச் சொல்வார்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை இவர் அலறிக்கொண்டு எழுந்தார்.

"மணி எட்டு! ஏன் எழுப்பல?"

"நான் என்னைக்கு உங்களை எழுப்பினேன்?"

"தினமும் ஆறு மணிக்கு நீ..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். தலைமாட்டில், கட்டிலுக்கு நேர் மேலே, அவருடைய வேலைச் சட்டை இத்தனை வருஷமும் தொங்கிய ஆணியைப் பார்த்தார். இப்போது வெறும் ஆணி. பிறகு என் மூக்கைப் பார்த்தார். நானும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நாய் சொறிவதை எண்ணிக்கொண்டிருந்ததில் என் மூக்கை நானே மறந்திருந்தேன்.

"நீ தும்மவே இல்ல," என்றார்.

"ஆமா."

"இருபத்திரண்டு வருஷமா..."

"ஆமாங்க."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்பதை மறந்து கட்டிலின் ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஃபியூஸ் வந்து இடையில் நுழையப் பார்த்தான். முதல் முறையாக அவனை ஒதுக்கி விட்டார். கண் கலங்கினால் இவருக்கு முதலில் மூக்குதான் ஒழுகும். உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார்.

"என்ன," என்றேன், "உங்க குடும்பத்து மூக்கா?"