எக்ஸ்ரே அறையில் ஐந்து பாட்டு

வருஷக் கடைசி விடுமுறைக்கு எல்லாரும் ஊர் சுற்றத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள் டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

“லீவு நாள்ல எக்ஸ்ரே ரூமை எனக்குத் தர முடியுமா டாக்டர்?”

“எதுக்கும்மா? வீட்ல யாருக்காவது பல்லு வலியா?”

“பாட்டு ரெக்கார்ட் பண்ண.”

அவளே எழுதி, அவளே மெட்டமைத்து, கிடாரையும் அவளே வாசித்து, எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் இணையத்தில் ஏற்றுகிறவள். வீட்டில் அவளுக்குப் பெயரே ‘மைக்’தான். ஆனால் வீட்டில் பதிவு செய்ததில் எல்லாம் குக்கர் விசிலடிக்கும். மாடிவீட்டுப் பிள்ளைகள் பந்து தட்டுவார்கள். எக்ஸ்ரே அறையின் கதவோ ஈயத் தகடு வைத்தது. சாத்தினால் ஊரே வாயை மூடிக்கொண்டதுபோல் இருக்கும்.

“மிஷின்ல மட்டும் கை வைக்காத. மத்தது உன் பாடு” என்ற டாக்டர், தான் சொன்னதை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

அக்காதான் விடவில்லை. “குடும்பமே போறோம், நீ மட்டும் பல் ஆஸ்பத்திரிலயா? வண்டில யாரு பாடுறது?”

“அத்தான் பாடட்டும்.”

“அவர் பாடினா டிரைவர் இறங்கி ஓடிடுவார்டி!”

சிரித்துச் சமாளித்து அவர்களை வழியனுப்பிவிட்டு, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தாள். குழல்விளக்கு ரீங்காரமிட்டது, அணைத்துவிட்டு மேசை விளக்கில் பாடினாள். நான்கு பாட்டுகள் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தன. ஐந்தாவதுதான் அடம்பிடித்தது. கடைசி வரி உச்சிக்கு ஏறும் இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் உடைந்தது. மறுநாளும் உடைந்தது. அதற்கடுத்த நாள் கிளினிக் திறந்துவிடும். நான்கோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று அவள் வெளியே வரவேற்பு மேசையில் வந்து உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது யாரோ வாசல் கதவைப் படபடவென்று தட்டினார்கள்.

தெருமுனை பேக்கரிக்காரர். ஒரு கன்னம் பன்னாக உப்பியிருந்தது. “உள்ள வெளிச்சம் தெரிஞ்சுது. உயிர் போகுதும்மா!”

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் வந்து ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார். எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “பாட்டு என்னாச்சு?”

“ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குது. சுவரைப் பார்த்துப் பாடிப் பாடித் தொண்டையும் போச்சு, தைரியமும் போச்சு.”

“சுவத்துக்கு என்ன தெரியும்? எங்களுக்குப் பாடு.”

பேக்கரிக்காரர் மரத்துப்போன வாயோடு, “ஃபாழுங்க” என்றார்.

மூவரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் கதவைச் சாத்திப் பதிவை ஓடவிட்டாள். ஐஸ் பொட்டலத்தைக் கன்னத்தில் வைத்தபடி பேக்கரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் கண்ணை மூடவில்லை. அவர்களைப் பார்த்தே பாடினாள். கடைசி வரி வந்தது. குரல் ஏறியது, ஒரு கணம் நடுங்கியது, உடையாமல் உச்சியில் போய் நின்றது. அவளுக்கே புல்லரித்தது.

கிடாரின் கடைசி அதிர்வு அடங்கும்வரை யாரும் அசையவில்லை. அடங்கியதும் டாக்டர் விசிலடித்தார். பேக்கரிக்காரர் கைதட்டப் போய் ஐஸைக் கீழே போட்டார்.

அன்று மாலையே ஐந்து பாட்டையும் தன் பெயரிலேயே வெளியிட்டாள்.

கிளினிக் திறந்த அன்று அவள் குரல் கரகரத்தது. வரிசையில் முதலில் இருந்த பெண்மணி, “சளி பிடிச்சிருக்கா?” என்றாள் கரிசனமாக.

“இல்லீங்க. பாடினேன். அஞ்சு பாட்டு, எல்லாம் என்னோடது.”

“அப்படியா! எங்க, போடுங்க, கேட்போம்.”

போட்டாள். காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பத்திரிகையை மடித்து வைத்தார்கள். உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது:

“இன்னும் சத்தமா வைம்மா!”