சுவரில் ஒரு கோடு அனுமதி

மருந்துக்கடை மாடியில் அழகு சிகிச்சை நடத்திவந்த நர்சம்மாவிடம் யார் ஊசி போட்டுக்கொண்டாலும், அவர்களுடைய முகச் சுருக்கம் மறுநாளே அந்த அறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தை விட்டுப் போனது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? எட்டு வருஷத்தில் சுவர் முழுக்கக் கோடுகள். உரியவர் எங்கேயோ சிரித்தால் இங்கே அவருடைய கோடு குலுங்கும். தெம்புக்கு ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

அப்புறம் அரசாங்கம் சட்டம் போட்டது. டாக்டர் பார்த்து எழுதித் தராமல் ஊசியும் கூடாது, ட்ரிப்ஸும் கூடாது. சம்பந்தப்பட்டவரே ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். சிகிச்சை அறையின் சுவர் வழவழப்பாக, கழுவித் துடைக்கும்படி இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான், குறை சொல்லக்கூடாது. கண்ட பாட்டிலையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய் விழுந்தவர்கள் கொஞ்சநஞ்சமா? நர்சம்மா ஒரு டாக்டரம்மாவை வேலைக்கு வைத்தார், லேபிள் இல்லாத பாட்டில்களை ஒழித்துக்கட்டினார். சுவர்தான் வழிக்கு வரவில்லை. காலையில் பூசினால் மத்தியானத்துக்குள் கோடுகள் மேலே வந்துவிடும்.

ஆய்வாளர் வந்தார். கறார் பேர்வழி, சொந்த மச்சான் கடைக்கே சீல் வைத்தவர். பதினைந்து நாளில் சுவர் சரியாகாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவேன் என்றார். அந்த அறையை நம்பித்தான் நர்சம்மாவின் குடும்பமே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆய்வாளருக்கு மனைவியிடமிருந்து போன். பக்கத்து வீட்டு விஷயம் ஏதோ சொல்லி அந்தம்மா சிரிக்க, ஜன்னலோரத்தில் மூன்று கோடுகள் குலுங்கின. மனுஷன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்து மயங்கிய கண்ணோரக் கோடுகள் அவை. ஊசி போட்டுக்கொண்டதை மனைவி சொல்லவே இல்லை. ஆறு வருஷமாக அந்த முகத்தில் எதுவும் பிடிபடாமல், தன்மேல் ஏதோ வருத்தம் என்று மருகிக்கொண்டிருந்தார் பாவம்.

"இதத் திருப்பிக் குடுக்க முடியுமாம்மா?"

"தாராளமா சார். டாக்டரம்மா எழுதணும், கோட்டுக்கு உரியவங்களே வந்து கையெழுத்துப் போடணும். நீங்க சொன்ன சட்டம்தானே."

வீட்டில் போய் ஒளிக்காமல் கேட்டார். என் முகம், யோசித்துச் சொல்கிறேன் என்றார் மனைவி. நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் வந்து, டாக்டரம்மாவிடம் காட்டி, கையெழுத்துப் போட்டு, கன்னத்தைச் சுவரில் வைத்தார். மூன்று கோடுகளும் சமர்த்தாக வீடு திரும்பின. அவர் சிரித்ததைப் பார்த்து ஆய்வாளர் வெட்கமில்லாமல் அழுதார். சேதி பரவி மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள், முறைத்தும் பிள்ளைகள் அடங்காத பள்ளிக்கூட டீச்சர்.

பதினைந்தாம் நாள் சுவர் வழவழ என்றிருந்தது, ஒரே ஒரு நெற்றிச் சுளிப்பைத் தவிர. நர்சம்மா ஈரத்துணியால் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஆய்வாளரோடு வந்திருந்த அவர் மனைவிதான் சொன்னார்:

"அது என் கோபம். வேணும்னா எடுத்துக்கறேன்."

"வேண்டாம் வேண்டாம், இங்கயே இருக்கட்டும்" என்று அவசரமாக உரிமத்தில் கையெழுத்துப் போட்டார் ஆய்வாளர். 'சுவர் திருப்தி, ஒரு கோடு அனுமதிக்கப்படுகிறது' என்று குறிப்பும் எழுதினார். இன்றைக்கும் அந்தக் கோடு நெரிந்தால் நர்சம்மா அவருக்கு ஒரு போன் போட்டுவிடுவார். அவரும் அன்றைக்கு ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிடுவார்.